ஜன்னல் பக்கத்துக் கன்னம்: தோலுக்கு எப்படி வயதாகிறது, நாம் என்ன செய்யலாம்

என் அப்பா இருபத்தாறு வருடம் வேன் ஓட்டினார். திருச்சி–மதுரை, திருச்சி–தஞ்சாவூர், கல்யாண சீசனில் எங்கெங்கோ. ஏசி கிடையாது, வலது முழங்கை எப்போதும் ஜன்னல் விளிம்பில்தான் கிடக்கும். வண்டியை விட்டுப் பல வருடம் கழித்து, கை நடுக்கம் வந்த பிறகு, அவருக்கு ஷேவ் செய்துவிடும் வேலை எனக்கு வந்தது. அப்போதுதான் கவனித்தேன். இடது கன்னத்தில் ரேஸர் வழுக்கிக்கொண்டு போகும். வலது கன்னத்தில் தோலை விரலால் இழுத்துப் பிடித்தால்தான் போகும், இல்லாவிட்டால் மடிப்பில் மாட்டிக்கொள்ளும். வலது காதுக்குக் கீழே, கழுத்தில், தோல் தடித்துக் கட்டம் கட்டமாகக் கோடு விழுந்திருந்தது. இடது பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. ஒரே மனுஷன், ஒரே சாப்பாடு, ஒரே பிறந்தநாள், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பார்வைக்குப் பத்துப் பதினைந்து வருட வித்தியாசம்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 28 வருடம் டெலிவரி டிரக் ஓட்டிய 69 வயதுக்காரர். முகத்தின் இடது பாதி மட்டும் தடித்து, தொங்கி, ஆழமாகச் சுருங்கியிருக்கும். அமெரிக்காவில் ஸ்டியரிங் இடது பக்கம், நம் ஊரில் வலது பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். ஜன்னலை ஏற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். காரின் முன்பக்கக் கண்ணாடி இரண்டு அடுக்காக, நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்வது, அது புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கவாட்டுக் கண்ணாடியில் பல வண்டிகளில் அந்தப் படலம் இல்லை.

உங்கள் உடம்பிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். சட்டைக் கையைத் தூக்கி, அக்குளுக்குப் பக்கத்தில் மேல் கையின் உள்பக்கத் தோலைப் பாருங்கள். அப்புறம் அதே கையின் முன்னங்கை வெளிப்பக்கத்தையும் புறங்கையையும் பாருங்கள். உள்பக்கம் உங்கள் வயதின் வேலை. வெளிப்பக்கத்தில் அதைவிட அதிகமாக இருக்கிற கருமை, புள்ளி, சொரசொரப்பு, கோடு எல்லாம் பெரும்பாலும் வெயிலின் வேலை. வயதை நிறுத்த முடியாது. வெயிலை நிறுத்தலாம், குறைந்தபட்சம் குறைக்கலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற பாதி விஷயம் அதுதான். மீதிப் பாதி, காசு கொடுத்துத் தோலைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பது.

உள்ளே நடப்பது

தோலின் மேலடுக்கு கீழிருந்து புதுச் செல்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், மேலே வந்தவை செத்து உதிரும். இளம் வயதில் இந்தச் சுற்று ஏறக்குறைய நான்கு வாரம். வயதாக ஆக மெதுவாகி, ஆறு எட்டு வாரம்கூட ஆகும். அதனால்தான் இருபது வயதில் இரண்டு வாரத்தில் மறைந்த பருத்தழும்பு நாற்பத்தைந்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மேலே இருக்கும் செத்த செல்கள் செங்கல் மாதிரி, அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு, சிமெண்ட் கலவை மாதிரி. கலவை குறைந்தால் தண்ணீர் வெளியே ஆவியாகிப் போகும், தோல் வெள்ளை வெள்ளையாக வரண்டு அரிக்கும்.

அதற்குக் கீழே இருப்பது உள்தோல். அங்கே கொலாஜன் என்ற நார்கள் பின்னிக் கிடக்கின்றன. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை உட்கார்ந்து எழுந்தால் பள்ளம் தெரியாது. இருபதுகளின் நடுவிலிருந்து வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் கயிறு குறைந்துகொண்டே வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் மட்டும் தோலின் கொலாஜனில் 30 சதவீதம் வரை போய்விடுகிறது. ஐம்பதைத் தாண்டியதும் “திடீர்னு கிழவி ஆயிட்டேன்” என்று பெண்கள் சொல்வது பிரமை இல்லை. வெயில் என்ன செய்கிறது என்றால், மிச்சம் இருக்கும் கயிற்றையும் பிரி பிரியாக அறுக்கிறது. புற ஊதாக் கதிரில் யுவிஏ என்கிற வகைதான் இந்த ஆழம் வரை போவது. மேலே தோலைச் சுடுவதும் எரிப்பதும் யுவிபி. யுவிஏ எரிச்சலே தராமல் வேலையைச் செய்துவிட்டுப் போகும், அதனால் நமக்கு அதன் மேல் சந்தேகமே வருவதில்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இணையத்தில் கிடைக்கும் தோல் பராமரிப்பு ஆலோசனைகளில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரத் தோலுக்காக எழுதியது. அவர்களுக்கு வயது முதலில் சுருக்கமாகத் தெரியும், முப்பதிலேயே கண் ஓரத்தில் கோடு விழுந்துவிடும். நமக்கு மெலனின் என்ற நிறமியின் காவல் இருப்பதால் சுருக்கம் தள்ளித்தான் வரும். ஆனால் அதே மெலனின் காரணமாக நிறம் முதலில் மாறும். கன்னமேட்டில் மங்கு, நெற்றி ஓரத்தில் கருமை, வாயைச் சுற்றி ஒரு வளையம், கன்னத்திலும் கழுத்திலும் கடுகு சிதறினது போலக் குட்டிக் குட்டி மரு. அதனால் நீங்கள் நாற்பதில் ‘சுருக்க எதிர்ப்பு’ க்ரீம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறாக இருக்கலாம்.

வெயில்

கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். தமிழ்நாட்டில் வருடத்தின் பெரும்பகுதியில் அது காலை ஒன்பது, ஒன்பதரை முதல் மதியம் மூன்று, மூன்றரை வரை. உலக சுகாதார அமைப்பின் புற ஊதாக் குறியீட்டில் 11-க்கு மேல் என்றால் உச்சபட்ச ஆபத்து. நம் ஊரில் கோடை மதியத்தில் அது சர்வசாதாரணம். சூடும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போய் “குளுகுளுன்னு இருக்கு” என்று நாள் பூராவும் படகுத்துறையில் நின்றுவிட்டு, கருத்துப்போய் வீடு திரும்புகிறோமே, அது இதனால்தான். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். இரண்டு ஊரும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே. மேகம் போட்டிருந்தாலும் கணிசமான பங்கு கீழே வந்துவிடும்.

முதல் மருந்து குடை. சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் மழை இல்லாத நாளில் குடை பிடித்துப் போகும் பெண்ணைப் பார்த்து “பெரிய மகாராணி” என்பார்கள், ஆம்பளை பிடித்தால் கேட்கவே வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்கள் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, அதற்கு மேல் தொப்பி வைக்கிறார்களே, அதைவிடச் சிறந்த வெயில் பாதுகாப்பு எந்தக் கடையிலும் விற்பதில்லை. நெருக்கமாக நெய்த துணி, அடர் நிறம், முழுக்கை. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் கைக்கு உறை போடுங்கள், முகத்துக்குத் துப்பட்டா கட்டுகிறீர்கள், ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் புறங்கை முழு நேரமும் வெயிலில்தான் இருக்கிறது. முகம் நாற்பது, கை அறுபது என்று ஆகிவிடும்.

அடுத்தது சன்ஸ்க்ரீன். இது அழகுசாதனம் என்று நினைத்துக்கொண்டு ஒதுக்குகிறவர்களுக்கு ஓர் ஆஸ்திரேலியக் கதை. குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை எடுத்து, பாதிப் பேரைத் தினமும் சன்ஸ்க்ரீன் பூசச் சொன்னார்கள், மீதிப் பேரைத் தோன்றினால் பூசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நாலரை வருடம் இப்படிப் போனது. ஆரம்பத்திலும் முடிவிலும் எல்லோருடைய புறங்கையிலும் சிலிகானில் அச்சு எடுத்து ஒப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களின் தோலில் வயதின் தேய்மானம் 24 சதவீதம் குறைவு. முடிவு 2013-ல் வெளியானது. அவர்கள் பெரும்பாலும் வெளிர் தோல்காரர்கள், அந்தக் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கயிற்றை அறுக்கும் கதிர் ஒன்றுதான்.

டப்பாவில் எஸ்பிஎஃப் என்று இருப்பது யுவிபிக்கான எண். 30 என்றால் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. எனவே 30-க்கும் 50-க்கும் அடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் யுவிஏ பாதுகாப்பும் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ‘பிஏ’ என்று போட்டுப் பக்கத்தில் ப்ளஸ் குறி இருக்கும், மூன்று நான்கு இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் அளவு. ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் மேலும் நீளமாக ஒரு கோடு பிதுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு, முகத்துக்கும் கழுத்துக்கும். காதையும் பின்கழுத்தையும் விடாதீர்கள். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் கால்வாசி. ஒரு கணக்குச் சொல்கிறேன்: தினம் ஒரு தடவை ஒழுங்காகப் பூசினால் 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிட வேண்டும். உங்கள் ட்யூப் போன தீபாவளிக்கு வாங்கியது இன்னும் இருக்கிறது என்றால், நீங்கள் சன்ஸ்க்ரீன் போடவில்லை, பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெளியிலேயே வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். ஆபீஸில் உட்காரும் வேலை என்றால் காலையில் ஒன்று, மதியம் சாப்பாட்டுக்கு வெளியே போனால் இன்னொன்று, போதும்.

துத்தநாக ஆக்சைடு போட்டவை நம் நிறத்தில் விபூதி பூசினது மாதிரித் தெரியும், அது ஒரு தொல்லை. நிறம் கலந்த சன்ஸ்க்ரீன் என்று வருகிறது, அதில் இரும்பு ஆக்சைடு இருக்கும். மங்கு இருப்பவர்கள் அதைத்தான் தேட வேண்டும், ஏனென்றால் மங்கு புற ஊதாக் கதிருக்கு மட்டும் கருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் கருக்கும், சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது.

“வெயிலே படாமல் இருந்தால் வைட்டமின் டி?” என்று கேட்பீர்கள். முகத்தை மறைத்துவிட்டுக் கையையும் காலையும் கொஞ்ச நேரம் காட்டுங்கள், அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். முகம்தான் வைட்டமின் தயாரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குளியல், சோப்பு, எண்ணெய்

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 5 பக்கம். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10. இருபது வயதில் தோல் இதைச் சமாளித்துக்கொள்ளும். ஐம்பதுக்கு மேல், காலையும் மாலையும் வெந்நீரில், உடம்பு பூராவும் நாரால் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தால் செங்கலுக்கு நடுவே இருக்கும் அந்தக் கொழுப்புக் கலவை கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் ராத்திரி முழுக்கச் சொறிவது. அக்குள், தொடை இடுக்கு, பாதம், இவற்றுக்குச் சோப்பு போதும். மற்ற இடத்துக்கு வேர்வை போகத் தண்ணீரே போதும். முகத்துக்குச் சோப்பு வேண்டாம், நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ், ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். கழுவியதும் தோல் ‘கிரீச்’ என்று இழுத்துப் பிடித்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, எண்ணெய்ப்பசை போய்விட்டது என்று அர்த்தம்.

குளித்துவிட்டு வந்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காயும் முன்னால் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவ வேண்டும். இந்த ‘ஈரம் காயும் முன்னால்’ என்பதுதான் வித்தை. எண்ணெய் தண்ணீரை உண்டாக்காது, இருப்பதைப் பூட்டி வைக்கும். காய்ந்த தோலில் தடவினால் பளபளப்பு மட்டும்தான். உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல பொருள், கை கால் வறட்சிக்கு அது வேலை செய்கிறது என்று ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துவாரத்தை அடைக்கும். விலை மலிவாக, உறுதியாக வேலை செய்வது வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி, அதைவிடத் தண்ணீரைப் பூட்டும் பொருள் அதிகம் இல்லை. குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால் யூரியா கலந்த க்ரீம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்; ராத்திரி காலை ஊறவைத்து, துடைத்து, தடவி, பழைய காட்டன் சாக்ஸ் போட்டுப் படுங்கள், இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் நல்லதா என்றால், எண்ணெய் நல்லதுதான், அதைப் போக்க அரப்பும் சிகைக்காயும் போட்டு முகத்தையும் கரகரவென்று தேய்ப்பதுதான் வம்பு. தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கு ஒன்றே ஒன்று

சுருக்கத்துக்கும் வெயில் கருமைக்கும் பூசுகிற மருந்துகளில் நீண்ட காலமாகச் சோதித்துப் பார்த்தது வைட்டமின் ஏ குடும்பம்: ட்ரெட்டினாயின், அடாபலின், ரெட்டினால். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் ட்ரெட்டினாயினைப் பருவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் வயதான நோயாளிகள் சுருக்கமும் குறைவதாகச் சொல்ல, அதை முறையாக ஆராய்ந்து 1986-ல் வெளியிட்டார். இதே கிளிக்மன்தான் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் முதுகில் வருடக்கணக்காகப் பல பொருள்களைப் பூசிச் சோதித்தவர், அதற்காக இன்றுவரை திட்டு வாங்குகிறவர். நல்ல மருந்துக்கெல்லாம் நல்ல வரலாறு இருப்பதில்லை.

ட்ரெட்டினாயினுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். ரெட்டினால் கடையிலேயே கிடைக்கும், வலு குறைவு. எதுவானாலும் ஆரம்பிக்கும் முறை ஒன்றுதான்: வாரத்துக்கு இரண்டு ராத்திரி, பட்டாணி அளவு, முழு முகத்துக்கும். கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு. கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாய்க்கோடி தவிர்த்துவிடுங்கள். முதல் சில வாரம் தோல் உரியும், லேசாக எரியும். மாய்ஸ்சரைசரை முன்னால் ஒரு தடவை பின்னால் ஒரு தடவை பூசினால் சமாளிக்கலாம். அவசரப்பட்டுத் தினமும் பூசினால் நம் நிறத்துக்கு அந்த எரிச்சலே கருமையாக மாறிவிடும். எரிச்சல் எதுவானாலும் கருப்பாக முடியும், இதுதான் நம் தோலின் குணம். பலன் தெரிய மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் இந்தக் குடும்பத்தையே தொடக்கூடாது. அவர்களுக்கு மங்கு வந்தால் அசலெயிக் அமிலம் மாதிரி வேறு வழிகள் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

நியாசினமைடு, வைட்டமின் சி எல்லாம் இருக்கின்றன. தப்பில்லை. நியாசினமைடு பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். வைட்டமின் சி சீரம் பாட்டிலைத் திறந்து கொஞ்ச நாளில் டீ நிறத்துக்கு வந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். கொலாஜன் பவுடரைக் குடித்தால் அது வயிற்றில் மற்றப் புரதம் மாதிரியே செரிக்கும், நேராகக் கன்னத்துக்குப் போகாது. அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம் என்பது என் கட்சி.

நான் பட்டது

2009-ல் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எனக்குக் கன்னத்தில் மங்கு. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். “அக்கா, இது போடுங்க, எல்லாரும் இதான் வாங்குறாங்க” என்று 15 கிராம் ட்யூப் ஒன்றை நீட்டினார்கள். சீட்டு கேட்கவில்லை. மூன்றே வாரத்தில் முகம் கண்ணாடி. கல்யாணத்தில் அத்தைகள் எல்லாம் தனியாகக் கூப்பிட்டு “என்னடி போடுற?” என்று கேட்டார்கள், நானும் பெருமையாகப் பெயரை எழுதிக் கொடுத்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எட்டு மாதம் போட்டேன். நிறுத்திய நாலாம் நாள் முகம் சிவந்து, அடுப்படியில் தோசைக்கல் பக்கம் நின்றாலே மிளகாய் அரைத்துப் பூசினது போல எரிந்தது. மூக்கு ஓரத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது. தாடையில் பூனைமுடி. மங்கு மட்டும் பழைய இடத்திலேயே, முன்னைவிடக் கருப்பாக.

தோல் டாக்டர் ட்யூபை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல மூணு மருந்து இருக்கும்மா, ஒண்ணு ஸ்டீராய்டு” என்றார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு என்ற இந்தக் கலவை மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் போடுவதற்கானது, முகப்பூச்சு இல்லை. என் முகம் பழைய நிலைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. இந்தியா முழுக்க இப்படிக் கெட்டுப்போன முகங்கள் அவ்வளவு வந்ததால் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள், அவர்கள் தொடர்ந்து கத்திய பிறகு 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, ட்யூபும் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் எந்த க்ரீமை யார் கொடுத்தாலும் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன், இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத, தயாரித்தவர் முகவரி இல்லாத, ‘ஏழு நாளில் வெள்ளை’ டப்பா இன்னும் மோசம். அவற்றில் பாதரசம் இருக்கலாம்; கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சில வருடங்களுக்கு முன் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதித்த செய்தியைப் படித்திருப்பீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போய் அதைச் சொல்லுங்கள், எப்படி விடுவது என்று அவர் வழி சொல்வார். எரிகிறதே என்று திரும்ப அதே ட்யூபை எடுத்தால் வட்டி கட்டக் கடன் வாங்கின கதைதான்.

சமையலறையிலிருந்து முகத்துக்கு

பயத்தமாவு, தயிர், கற்றாழை, இவற்றால் பெரிய கெடுதல் இல்லை, ஒத்துக்கொண்டால் போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது கடும் அமிலம் என்பது ஒரு பக்கம், அதன் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்பளித்துக் கருந்தழும்பு விழும். ஆப்பச்சோடா, டூத்பேஸ்ட், கல்லுப்பு ஸ்க்ரப், எல்லாம் அதே ரகம். கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் விற்கும் மஞ்சள் நிறப் பொடி பல இடங்களில் வேறு கிழங்கு என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பொட்டு வைக்கிற இடத்தில் வெளுத்துத் தெரிந்தால் ஸ்டிக்கர் பொட்டை உடனே நிறுத்துங்கள். சிலருக்கு அதன் பசையிலிருக்கும் வேதிப்பொருளே நிறத்தைப் போக்கிவிடும்.

பின்கழுத்து, அக்குள் மடிப்பில் வெல்வெட் மாதிரித் தடித்த கருப்பு இருந்தால் பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். சுகர் டெஸ்ட் எடுங்கள். சர்க்கரை அதிகமானால் கொலாஜன் கயிறே விறைத்துப்போகும். பீடி, சிகரெட் தோலுக்கு ரத்தம் போகும் குழாய்களைச் சுருக்கும். இவற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வாரக்கணக்கில் ஆறாத புண், நிறமோ ஓரமோ மாறும் மச்சம், உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ புதிதாக வந்த கரும்புள்ளி அல்லது கோடு, இவற்றை மட்டும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். நம்மவர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவுதான், வந்தால் உள்ளங்கால் மாதிரி யாரும் பார்க்காத இடத்தில் வருவதுண்டு.

எழுபதுக்கு மேல்

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. அந்த வலது முன்னங்கையில் லேசாகக் கதவு பட்டாலே நாவல்பழம் நசுங்கினது மாதிரித் திட்டு வந்துவிடுகிறது. முதல் தடவை பார்த்தபோது யாரோ அடித்துவிட்டார்கள் என்று பயந்துபோனோம். உள்தோல் மெலிந்து, ரத்தக் குழாயைச் சுற்றி மெத்தை இல்லாமல் போவதால் வருவது, இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு அதிகம் வரும். வலிக்காது, ஓரிரு வாரத்தில் தானே மறையும். ஆனால் காரணமே இல்லாமல் வயிறு, முதுகு என்று வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இந்த வயதில் க்ரீம் எல்லாம் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர், குறைந்த சோப்பு, ஈரத்தோடு எண்ணெய், நகத்தை ஒட்ட வெட்டுவது, வீட்டில் முழுக்கை பனியன் சட்டை, இவ்வளவுதான். உடம்பு பூராவும் அரிப்பு எடுத்து, எண்ணெய் தடவியும் சில வாரம் நிற்கவில்லை என்றால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு பரிசோதித்துவிடுங்கள். தூக்கி உட்காரவைக்கும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுக்காதீர்கள்.

ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியைப் ‘பட்’ என்று பிய்ப்பது நமக்குப் பழக்கம். அப்பாவுக்குப் போன வருடம் நான் அப்படிப் பிய்த்தபோது பிளாஸ்திரியோடு ஓர் அரை அங்குலம் தோலும் வந்துவிட்டது. இப்போது ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் பேப்பர் படிக்கச் சொல்லிவிட்டு, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரியை அதன் மேலேயே மடித்தபடி மெதுவாக உருட்டி எடுக்கிறேன். “இன்னும் ஆகலையா?” என்று நடுவில் இரண்டு தடவை கேட்பார்.